தொட்டால் ஒட்டும் கயிறு

சைக்கிளுக்குப் பூட்டு எதற்கு? நம்மிடம்தான் கயிறு மகான் இருக்கிறாரே!

ஊர் முழுக்க இதே பேச்சு. பழைய கிடங்குக்குப் பக்கத்து மைதானத்தில் ஞாயிறுதோறும் அவருடைய கூட்டம் நடக்கும். விடிந்ததுமே துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். மேடையில் மகான் உட்கார்ந்திருப்பார். பளபளக்கும் நீல அங்கி, மார்பை மறைக்கும் தாடி. பக்கத்தில் அவருடைய சொந்த சைக்கிள், வெள்ளிப் பூச்சில் மின்னிக்கொண்டு. பின்னால் கேரியரில் பட்டுத் துணி போர்த்திய காணிக்கைப் பெட்டி. சக்கரத்தில் ஒரே ஒரு மஞ்சள் கயிறு. தலைக்கு மேல் பதாகை: ‘தொட்டால் ஒட்டும்!’

அதாவது, அந்தக் கயிறு கட்டிய சைக்கிளைத் திருடன் தொட்டால் அவன் கை அப்படியே ஒட்டிக்கொள்ளுமாம். பசை கிடையாது, கோந்து கிடையாது. சுத்தமான மந்திரம்!

“பிள்ளைங்களா, பூட்டே இல்லாத காட்டுல யாராச்சும் பூட்டை உடைச்சதுண்டா?” என்பார் மகான்.

“இல்ல சாமி!”

“அப்போ திருட்டுக்குக் காரணம் யாரு?”

“பூட்டு சாமி!”

அடேயப்பா, என்ன அறிவு! இந்தக் கணக்கில் பார்த்தால் ஆஸ்பத்திரிகளை இடித்துவிட்டால் ஊரில் ஒருவருக்கும் நோய் வராது. அதையும் ஒருநாள் சொல்லியிருப்பார். அதற்குள் மாட்டிக்கொண்டார், பாவம்.

“இரும்பு இருக்கிற இடத்துல மந்திரம் தங்காது. வீட்ல இருக்கிற பூட்டை சாவியோட கொண்டாந்து சாக்குல போடுங்க. காணிக்கையைப் பெட்டியில போடுங்க. கயிறு வாங்கிக்குங்க.”

ஜனம் முண்டியடித்துக்கொண்டு போட்டது. சாக்கு நிறைந்ததும் சிஷ்யர்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே போகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் பக்தி குறைந்துவிடுமே!

வாரா வாரம் ஒரு திருடனும் வருவான். இரண்டு கையும் ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்ட நிலையில் ‘ஐயோ, எரியுதே, விடுவிச்சிடுங்க சாமி’ என்று கதறிக்கொண்டு வருவான். மகான் தண்ணீர் தெளிப்பார். கை படக்கென்று விடுபடும். கூட்டம் ஓவென்று அழும். ஒரு வாரம் வந்த திருடனுக்கு மீசை இருந்தது. அடுத்த வாரம் மீசை இல்லை. அதற்கடுத்த வாரம் கண்ணாடி போட்டிருந்தான்.

“என்னப்பா, எல்லாத் திருடனும் ஒரே ஜாடையா இருக்கான்?” என்று ஒரு தையல்காரர் கேட்டார்.

“அண்ணன் தம்பிங்களா இருக்கும். குடும்பத்தொழில்” என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார். தையல்காரருக்கும் திருப்தியாகிவிட்டது.

இந்த ஊரில்தான் ரத்தக்கார அக்கா இருந்தாள். பயப்படாதீர்கள், பரிசோதனைக்கூடத்தில் வேலை. வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, குளிர்பெட்டியில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். எல்லாம் சைக்கிளில்தான். சைக்கிள் இருந்தால் வேலை. இல்லையென்றால் அந்த வேலைக்கு வெளியே ஒரு வரிசையே நின்றது.

அவளுடைய வீட்டுக்காரர் அச்சகத்தில் தாள் வெட்டுகிறவர். நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்புகிற அளவுக்கு நல்லவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா தூங்கிக்கொண்டிருந்தபோது அவளுடைய சங்கிலிப் பூட்டைக் கொண்டுபோய்ச் சாக்கில் போட்டுவிட்டு, சைக்கிளில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டார். மறுநாள் அக்கா ஒரு மாடி வீட்டில் ரத்தம் எடுத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தாள். சைக்கிளைக் காணோம். அது நின்ற இடத்தில் கயிறு மட்டும் கிடந்தது.

கயிற்றை எடுத்துக்கொண்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

“பாத்தியா!” என்று வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். “சைக்கிளைத்தான் கொண்டுபோக முடிஞ்சுது. கயிறைத் தொட முடியல பாரு! சக்தின்னா சக்தி!”

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். “கயிறுமேல ஏறி உக்காந்து வேலைக்குப் போகவா?”

“உன் மனசுல சந்தேகம் இருந்திருக்கும். அதான் போயிடுச்சு.”

“சைக்கிள் போனதுக்கு அப்புறம்தாங்க சந்தேகமே வந்துச்சு!”

அன்றைக்கு அவள் அழுதாள். கோபத்தில்தான் அழுதாள், ஆனாலும் அழுகை அழுகைதானே. கூடத்து மேலாளர் வேறு, “சனிக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல வேற ஆள்தான்” என்று சொல்லியிருந்தார். கடைசியில் தங்கச்சிதான் தன் சைக்கிளைக் கொடுத்தாள். கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டாள்: “இந்தா பாருக்கா, ஒழுங்கா ஒரு பூட்டு வாங்கிப் பூட்டு. இதுவும் போச்சுன்னா மச்சான் மூஞ்சியிலகூட நான் முழிக்க மாட்டேன்.”

கையிலிருந்த காசை எண்ணிக்கொண்டு அக்கா சைக்கிள் கடைக்குப் போனாள். கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பூட்டு விற்கிற அவருடைய கடை வாசலிலும் ஒரு மஞ்சள் கயிறு தொங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று மாட்டியிருந்தாராம்.

“அண்ணே, காசு கம்மி. ஆனா திருடன் கண்ணுல தண்ணி வர மாதிரி ஒரு பூட்டு வேணும்.”

அவர் மெல்லிய கம்பிப் பூட்டு ஒன்றை எடுத்தார். விலை அடிமட்டம். அக்கா அதை விரலால் வளைத்துப் பார்த்தாள். “இதுக்கு இடுக்கிகூட வேணாம்ணே. நகம் வெட்டி போதும்.”

பின்சக்கரத்தோடு பொருத்துகிற பூட்டைக் காட்டினார். “இது போட்டா உருட்ட முடியாதும்மா.”

“தூக்கிட்டுப் போக முடியுமே? என் சைக்கிள் என்ன யானை கனமா?”

நம்பர் பூட்டை எடுத்தார். நம்பர் மறந்துபோனால் தானே திருடியாக வேண்டியிருக்கும் என்று அதையும் தள்ளினாள். வளைந்த உருக்குப் பூட்டு ஒன்று இருந்தது. அதைப் பார்த்ததும் ஆசை வந்தது, விலையைப் பார்த்ததும் போய்விட்டது. சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்து ஒரு கம்பத்தோடு கட்டுகிற மாதிரி, தடித்த சங்கிலி வேண்டும். பையில் போட்டால் தோள் கழன்று விழவும் கூடாது. அவளுடைய பழைய பூட்டு அப்படித்தான் இருந்தது.

“பழசு பரவாயில்லையா? மூலையில ஒரு கூடை கிடக்கு, பாரு.”

கூடையில் பூட்டுகள் குவிந்து கிடந்தன. கிளறினாள். சாவித்துளையைச் சுற்றிச் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிய ஒரு சங்கிலிப் பூட்டு கையில் தட்டுப்பட்டது. அந்தச் சிவப்பைப் பூசியவள் அவளேதான். மாடிப்படிக்கடியில் இருட்டில் துளை தெரியவேண்டும் என்று பூசியது. பர்ஸிலிருந்து தன்னிடமிருந்த இன்னொரு சாவியை எடுத்து நுழைத்தாள். பூட்டு டக்கென்று திறந்தது.

கடைக்காரருக்கு வியர்த்துவிட்டது. “மகானோட சிஷ்யருங்கதாம்மா கொண்டாந்து போடுறாங்க. நான் வியாபாரி. யாரு எதுன்னு கேக்குறதில்ல.”

“நானும் கேக்கலண்ணே. என் பூட்டை நான் எடுத்துக்கிறேன். காசு வேணும்னா சாமிகிட்ட வாங்கிக்குங்க.”

வீட்டில் வந்து வீட்டுக்காரர் முன்னால் பூட்டைப் பூட்டிக் காட்டினாள், திறந்து காட்டினாள். அவர் கண்ணில் நீர் முட்டியது. அப்பாடா, புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

“காணிக்கையாப் போன பூட்டு தன்னால வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கே! மகானோட மகிமையே மகிமை!” என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதற்கு மேல் வாயால் பேசிப் பயனில்லை என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு தங்கச்சியின் சைக்கிளில் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். இருப்பது ஒரே பூட்டு. அது பையில் வேறு வேலைக்காகக் காத்திருந்தது. ஆகவே சைக்கிளை நிறுத்திவிட்டு, காவலுக்கு வீட்டுக்காரரைக் கேரியரிலேயே உட்கார வைத்தாள். “என்ன ஆனாலும் இறங்கக் கூடாது. இறங்கினா என் வேலையும் போச்சு, தங்கச்சி உறவும் போச்சு. புரியுதா?”

“மகான் கூப்பிட்டா?”

“உக்காந்துட்டே கும்பிடுங்க!”

மேடைக்கு முன்னால் போய் நின்றாள். “சாமி, நான் உங்க சைக்கிளைத் திருடப் போறேன்.”

மகான் தாடியைத் தடவினார். “மகளே, கயிறு திருடனைத்தான் பிடிக்கும். உன் மனசுல திருட்டு எண்ணம் கிடையாது. உனக்கு ஒட்டாது.”

“இருக்கு சாமி. நேத்து ராத்திரி பூரா அதே எண்ணம்தான். அந்தப் பெட்டியில எங்க வீட்டுக்காரர் சம்பளமும் இருக்கு. அதையும் சேர்த்துத் திருடணும்னுதான் வந்திருக்கேன்.”

“இது… விளையாட்டு எண்ணம்.”

“சத்தியமா நெசமான எண்ணம் சாமி! வேணும்னா யாரை வேணாலும் கேளுங்க, நான் நல்லவ இல்ல!”

“ஆமாமா, நல்லவ இல்ல!” என்று கேரியரிலிருந்து வீட்டுக்காரர் பக்தியோடு சாட்சி சொன்னார்.

அவளுக்கு எதிராகக் கூட்டம் கிளம்பும் என்றுதான் மகான் எதிர்பார்த்தார். ஆனால் பக்தர்களுக்கு ஆசை வந்துவிட்டது. கண்ணெதிரே ஒரு கை ஒட்டப்போகிறதே, யார் விடுவார்கள்! “விடுங்க சாமி, தொடட்டும்!” “ஒட்டட்டும், அப்பத்தான் புத்தி வரும்!” “குழந்தையைத் தூக்கிக் காட்டு, நல்லாப் பாக்கட்டும்!” ஒரு பெரியவர் மேடை ஓரமாக நாற்காலியே போட்டுக்கொண்டார். மகானால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

அக்கா பையிலிருந்து பஞ்சு வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தாள். கயிற்றை வெட்டினாள். ஹேண்டில்பாரைப் பிடித்தாள். ஒட்டவில்லை. மேடையிலிருந்து சைக்கிளை இறக்கினாள். ஒட்டவில்லை. ஏறி மிதித்தாள்.

“இப்ப ஒட்டும் பாரு” என்றார்கள். “வாசல்கிட்ட ஒட்டும்” என்றார்கள். அவள் வாசலைத் தாண்டினாள். காற்றில் பட்டுத் துணி பறந்து போனது. காணிக்கைப் பெட்டியில் தேங்காய் அளவுக்கு ஓர் இரும்புப் பூட்டு தொங்கியது.

மகான் ஒரு கண்ணைத் திறந்தார். பெட்டி கிடங்கின் மூலையில் திரும்பி மறைந்துகொண்டிருந்தது.

“அடியேய்! நில்லுடி! புடிங்கடா அவளை! பெட்டி போகுதுடா!”

அங்கியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினார். சிஷ்யர்கள் பின்னால் ஓடினார்கள். மேடைக்குப் பின்னால் தன் முறைக்குக் காத்திருந்த இந்த வாரத் திருடன், கையில் ‘ஒட்டியிருந்த’ ஹேண்டில்பாரைத் தூக்கி எறிந்துவிட்டு, இரண்டு கையையும் நன்றாக வீசிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினான்.

“சாமி, ஏன் ஓடுறீங்க? அதான் ஒட்டிக்குமே!” என்று தையல்காரர் கத்தினார். அவர் கேலிக்குக் கத்தவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அக்கா கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றி மறு வாசல் வழியாக மைதானத்துக்குள் வந்தாள். விளக்குக் கம்பத்தோடு சட்டத்தையும் சக்கரத்தையும் பெட்டியின் கைப்பிடியையும் சேர்த்துச் சங்கிலியைக் கோத்துப் பூட்டினாள். மகான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இழுத்தார், உதைத்தார், சங்கிலியைக் கடிக்கக்கூடப் பார்த்தார்.

“சாவியைக் குடுடி!”

“சாவி எதுக்கு சாமி? ஒரு மந்திரம் போடுங்க!”

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. பின்னால் இன்னொன்று. அப்புறம் சிரிப்பு நின்று, “எங்கடா என் பூட்டு? எங்கடா என் சைக்கிள்?” என்ற சத்தம் எழுந்தது. ஓட முயன்ற மகானின் தாடியை ஒருவர் பிடித்தார். தாடி அவர் கையோடு வந்துவிட்டது. அது ஒன்றுதான் அன்றைக்கு ஒருவர் கையில் ஒட்டிய பொருள். போலீஸ் வரும்வரை மகானைக் கம்பத்தடியிலேயே உட்கார வைத்தார்கள்.

இதோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

“என்னா பூட்டுய்யா! மகானையே கட்டிப்போட்ட பூட்டு!” என்றார் நாற்காலிப் பெரியவர். ஒரு பெண்மணி சங்கிலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இரண்டு பேர் கம்பத்தைச் சுற்றி வர ஆரம்பித்தார்கள். கொஞ்ச நேரத்தில் மைதானமே குனிந்து கும்பிட்டது.

“அட கஷ்டகாலமே!” அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “அது கடைச் சரக்குய்யா! கும்பிடுறதுக்கு இல்ல, வாங்கி மாட்டுறதுக்கு!”

வீட்டுக்காரருக்கும் மெய் சிலிர்த்துவிட்டது. கேரியரிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். பூட்டைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஏதோ யோசித்தார் போல. காலை மறுபடி மேலே தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

கும்பிட்டவர்கள் நிமிர்ந்தபோது வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்களில் நான்கைக் காணோம். வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த சைக்கிள் அங்கேயே இருந்தது.

ஐயா, கும்பிடாதே என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும். சரி, கும்பிடுங்கள். ஆனால் ஒவ்வொரு முறை நீங்கள் குனியும்போதும் உங்கள் முதுகுக்கு மேலே ஒருவன் எதையோ தூக்கிக்கொண்டு போகிறான். கொஞ்சம் நிமிர்ந்துதான் பாருங்களேன்!