சுவரோரப் பியானோ

"மீண்டும் முயலுங்கள்" என்றது போன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் விரல்களைச் சொடுக்கிக்கொண்டு மீண்டும் முயன்றார். அவர் நம்பியிருந்த பியானோ ஆப், சாயங்காலமானால் உலகத்துக்கே ஒரே பாடம் நடத்தும். முதலில் அது வாசித்துக் காட்டும், கேட்டால் திரும்பத் திரும்பவும் வாசிக்கும். பிறகு நாம் வாசிப்பதைக் கேட்டு நட்சத்திரம் போடும். அவர் பார்த்தவரை போனுக்கு அவர் மேல் ஏதோ பழைய பகை.

பால்கனியில் மனைவியின் தையல் மெஷின் கடகடத்தது. கூடத்தில் அது இருந்த இடத்தைத்தான் பியானோ பிடித்துக்கொண்டது. கல்யாண நாளுக்குள் ஒரு பாட்டையாவது உருப்படியாக வாசித்துக் காட்டாவிட்டால் பியானோ வெளியே, மெஷின் உள்ளே என்று பேச்சு. கடைக்காரரின் ஆசை அதைவிடப் பெரியது. தான் வாசிக்கும்போது அவள் ஒரே ஒரு தடவை மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும்.

"பக்கத்து வீட்டு டீச்சர் எவ்வளவு அழகா வாசிக்கிறாங்க. அவங்ககிட்டப் போய்க் கத்துக்கக் கூடாதா?" என்றாள் அவள்.

பக்கத்து வீட்டில் இருந்தவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. மாலைதோறும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிசிறில்லாமல் பியானோ கேட்கும். ஆனால் லிஃப்டில் அந்த அம்மாளைப் பார்த்தாலே சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிற ஆள் நம் கடைக்காரர். இந்த வயதில் போய் அவர் முன்னால் கைகட்டி நிற்பதா?

"மனுஷன் கண்ணும் பொய் சொல்லும், காதும் பொய் சொல்லும். மெஷின் சொல்லாது" என்றார். கண் பரிசோதிக்கும் மெஷினை வைத்துப் பிழைப்பவர் வேறென்ன சொல்வார்.

கோளாறு தன் விரலில் இல்லை, வீட்டுச் சத்தத்தில்தான் என்று முடிவு கட்டினார். மின்விசிறியை நிறுத்தினார். வியர்வையில் விரல் வழுக்கியது. ஆப் வாசித்துக் காட்டுவது தெளிவாகக் கேட்கட்டும் என்று பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி மாட்டினார். மனைவி காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். கடைசியில் பழியைத் தையல் மெஷின் மேல் போட்டுவிட்டு, பியானோவைப் படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டி நிறுத்தினார். அன்றிலிருந்து அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது.

ஆனால் அன்றிலிருந்துதான் நட்சத்திரமும் கொட்டியது. "அருமை!" என்றது போன். அடுத்த நாளும் அருமை.

"எனக்கு எப்பவும் போலதான் கேக்குது" என்றாள் மனைவி.

"உன் காதுக்கு ஒரு கண்ணாடி போடணும்" என்றார் அவர்.

கடையில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தவர்களிடமெல்லாம் போனை நீட்டி நட்சத்திரங்களைக் காட்டினார். எதுவும் சரியாகத் தெரியாததால் அவர்களும் பாராட்டினார்கள். தலைகால் புரியாமல் போனது அவருக்கு. கல்யாண நாள் மாலைக்கு மைத்துனரைக் குடும்பத்தோடு வரச் சொல்லிவிட்டார்.

அன்று பியானோ மறுபடி கூடத்துக்கு வந்தது. எல்லோரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். கடைக்காரர் தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார்.

"மீண்டும் முயலுங்கள்" என்றது போன்.

மைத்துனர் விட்டத்தைப் பார்த்தார். கூடத்துக் காற்று பியானோவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கடைக்காரர் விளக்கினார். மைத்துனரையே ஒரு பக்கம் பிடிக்கச் சொல்லி அதைப் படுக்கையறைக்குத் திரும்பத் தள்ளினார். விருந்தாளிகள் கட்டிலில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

இந்த முறை நட்சத்திரம் விழுந்தது. கேட்டவர்கள் முகத்தில் பல்வலி தெரிந்தது. அவர் எதையும் கவனிக்காமல் முடித்துவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொள்ளக் கையை எடுத்துத் திரும்பி நின்றார்.

"அருமை!" என்றது போன். இன்னொரு நட்சத்திரமும் விழுந்தது.

அறை அமைதியானது. சுவருக்கு அந்தப் பக்கம் அதே பாட்டு பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"கையை எடுத்தா இன்னும் நல்லா வாசிக்கிறீங்க மாப்ளே" என்றார் மைத்துனர்.

கட்டில் குலுங்கியது. கடைக்காரரின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. விருந்தாளிகள் போனதும் அவர் பியானோவின் மூடியைச் சாத்தினார்.

"நீ ஒரு தடவை உக்காந்து கேக்கணும்னு ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். நாளைக்கே மெஷினை உள்ள கொண்டு வந்துடலாம்."

அவளுக்கும் மனசு கேட்கவில்லை. பிறகு, டீச்சர் அவரைச் சேர்த்துக்கொண்டால் பியானோ இருக்கட்டும், முடியாது என்றுவிட்டால் போகட்டும் என்று தீர்ப்புச் சொன்னாள்.

கடைக்காரர் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு மணியை அடித்தார். மனைவி பின்னால் நின்றாள். டீச்சர் கதவைத் திறந்தார். அவருக்குப் பின்னால், பொதுச் சுவரோடு ஒட்டினாற்போல் ஒரு பியானோவும், பெரிய ஸ்பீக்கரும் தெரிந்தன.

தன்னை மாணவனாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

டீச்சர் கையிலிருந்த போனைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நானே உங்ககிட்டச் சேரலாம்னு இருந்தேன் சார். உங்க வீட்ல வாசிக்கும்போது மட்டும்தான் என் போன் எனக்கு நட்சத்திரம் போடுது."