பைப் அக்கா வளர்த்த செல்கள்

பைப் அக்கா வாயைத் திறந்தால் மூன்று மாநிலங்களுக்குக் கேட்கும். தில்லியில் அவர் பேச்சைக் கேட்காதவை அவர் வளர்த்த செல்கள் மட்டும்தான்.

ஆர்.கே.புரத்தில் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் அவர் என் அறைத்தோழி. திருநெல்வேலிக்காரர். ரத்தக்குழாய் எப்படி உருவாகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. வந்த அன்றே வார்டன் ஆன்ட்டி என்ன வேலை என்று கேட்க, அக்கா தனக்குத் தெரிந்த இந்தியில், "பைப் பனாத்தி ஹூம்" என்றார். குழாய் செய்கிறேன் என்று அர்த்தம்.

"அச்சா! ஜல்தி ஆவோ!" என்று ஆன்ட்டி அவரைக் கையோடு இழுத்துப்போய், ஒழுகும் குளியலறைக் குழாய் முன்னால் நிறுத்திவிட்டார். ஒழுகல் நிற்கவில்லை. பெயர் நின்றுவிட்டது.

சாப்பிடும்போது சப்பாத்தியைச் சுருட்டிக்கொண்டு பாடம் நடத்துவார்.

"இது ரத்தக்குழாய்ட்டி. உள்சுவர் செல்லு ஒரு வளர்ச்சிக் காரணிய வெளிய விடும். கூப்பிடுத சத்தம் மாதிரி. இளம் செல்லெல்லாம் ஓடி வந்து பெருகும். அப்புறம் இன்னொரு காரணி, 'கூடுனது போதும், வேலையப் பாருங்க'ன்னு சொல்லும். உடனே தசையா மாறி, குழாயச் சுத்திக் கட்டிக்கிடும்."

"மாறலேன்னா?"

"குழாய்க்குப் பலம் இருக்காது. உப்பி வெடிச்சிரும்." சொல்லிவிட்டுக் குழாயைத் தின்றுவிடுவார்.

அவருடைய செல்கள் மாறவில்லை. ஆய்வகக் கண்ணாடித் தட்டுகளில் தட்டுத் தட்டாகப் பெருகின; ஒன்றுகூடத் தசையாகவில்லை. "ஏல, வெக்கமா இல்லையால ஒங்களுக்கு?" என்று அவர் தட்டைப் பார்த்துத் திட்டுவதை மந்திரம் என்று நினைத்து, பக்கத்து மேஜைப் பஞ்சாபிக்காரர் கைகூப்பிவிட்டுப் போவாராம். கடைசியில் பேராசிரியர், இந்த மாதமும் இப்படியே இருந்தால் வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். அன்று சப்பாத்தி சுருட்டப்படவே இல்லை.

மனசு மாறட்டுமே என்று சரோஜினி நகர் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனேன். ஸ்வெட்டர் கடையில் ஒருவன் ஸ்டூலில் ஏறி, "ஆ ஜாவோ! ஆ ஜாவோ!" என்று எல்லாரையும் கத்திக் கூப்பிட்டான். கூட்டம் முண்டியது, யாரும் வாங்கவில்லை. முன்னால் வந்தவர்களைப் பின்னால் வந்தவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அவன் டீ குடிக்க இறங்கினான். நெரிசல் நின்றது. நின்றவர்கள் ஸ்வெட்டரை உதறிப் பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள்.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "ஏட்டி! நான் கூப்பிடுத காரணிய நிறுத்தவே இல்லட்டி! ரெண்டாவதக் குடுக்கும்போதும் அதையும் கொஞ்சம் ஊத்திக்கிட்டே இருந்தேன்."

"ஏன்க்கா?"

"பாவம், திடீர்னு நிறுத்துனா ஏங்கிப் போயிரும்லா!"

ஸ்வெட்டருக்குள் தலையை விட்டு நான் கைக்கு வழி தேடுவதற்குள் அக்கா ஆட்டோவில் ஏறிப் போயாயிற்று.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு முதல் காரணியை நிறுத்தினார். அந்த வாரம் முழுக்க அவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பிறகொரு மத்தியானம் போன்: "ஒடனே வா!"

மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தேன். செல்கள் நீண்டு, வரிசையாகப் படுத்திருந்தன. அக்கா ஒரு சொட்டு மருந்து விட்டார். அவை மெல்லச் சுருங்கின.

"சுருங்குதுட்டி! தசை!" என்ற சத்தத்தில் செக்யூரிட்டி ஓடி வந்தார். பின்னாலேயே பேராசிரியர். அதற்கப்புறம் அவர் வேறு தலைப்பைப் பற்றிப் பேசவில்லை.

சாயங்காலம் மலை மந்திருக்குப் போனோம். முருகன் முன்னால் அக்கா கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

"இவ்ளோ நேரமா நன்றி சொன்னீங்க?"

"அது ஒடனே சொல்லியாச்சு. ஒனக்கும் ஒங்க வீட்டாளுங்களுக்கும் ரத்தக்குழாய் கடைசி வரைக்கும் உறுதியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

எனக்கு நல்ல வேலை, நல்ல மாப்பிள்ளை என்று சாமியிடம் கேட்டவர்கள் உண்டு. என் ரத்தக்குழாய்களுக்காகக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.