மூன்றாம் மாடி லண்டன்

“மெதுவாப் பேசு. நாம லண்டன்ல இருக்கோம்” என்றாள் ஓர்னெல்லா.

அவர்கள் இருந்தது இத்தாலியின் டூரினில், மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறையில். ஆகஸ்ட் வெயிலில் சன்னல்களையெல்லாம் இழுத்து மூடிவிட்டு மேஜையைச் சுற்றி நான்கு பேர் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். ஹேசல் பாடப் புத்தகத்தைக் கண்ணுக்கு அருகே பிடித்துக்கொண்டு, தன் தாய்மொழியை எங்கிருந்தோ திருடி வந்தவள் போலக் கிசுகிசுத்தாள்.

ஹேசல் இங்கிலாந்துக்காரி. ஊர் கிரிம்ஸ்பி, மீன்பிடித் துறைமுகம். ஓர்னெல்லாவின் கரீல்யோ குடும்பத்தோடு தங்கி, அவள் மகள் ஜினெவ்ராவுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவள். கூலி, சாப்பாடும் படுக்கையும். குளிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தாள். ஜூனில் ரிசல்ட் வந்தது. ஜினெவ்ரா எல்லாப் பாடத்திலும் தேறி, இங்கிலீஷில் மட்டும் விழுந்திருந்தாள். செப்டம்பரில் மறுபரீட்சை. அதிலும் விழுந்தால் அதே வகுப்பில் இன்னொரு வருடம்.

வீட்டுக்குள் ஒரு இங்கிலீஷ்காரியையே வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பெயிலாவது, கிணற்றுக்குள் உட்கார்ந்து தாகத்தில் சாவது மாதிரி. ஓர்னெல்லா இதை வெளியே சொல்வாளா? படிக்கட்டில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், “ஆகஸ்ட் முழுக்க லண்டன் போறோம். ஹேசலோட குடும்பத்துக்கு அங்க பெரிய பங்களா” என்று அளந்துவிட்டாள். ஹேசலின் அம்மா குடியிருந்தது ஒரு மீன் கடைக்கு மேலே.

வீட்டிலேயே இருந்து படிக்கிறோம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஆகஸ்டில் ஊரே விடுமுறைக்குக் கிளம்பிவிடும். அப்போது டூரினில் தங்கியிருந்தோம் என்று சொல்வதைவிட ஜெயிலில் இருந்தோம் என்று சொல்லலாம். அதிலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சும்.

நாலாம் மாடி டீச்சர் பிருனெல்லாவிடம் ஓர்னெல்லா இந்தச் செய்தியை இரண்டு தடவை சொன்னாள். ஜினெவ்ராவைப் பெயிலாக்கிய புண்ணியவதி அவள்தான். வருடா வருடம் ஆகஸ்டில் லண்டன் போய் இங்கிலீஷைச் சாணை பிடித்துக்கொண்டு வருபவள் என்று தெருவே அவளை மெச்சும்.

“லண்டனா? நானும்தான் போறேன். நீங்க எந்தப் பக்கம்?” என்றாள் டீச்சர்.

“ஆத்துப் பக்கம்” என்று ஓர்னெல்லா சொல்லிவைத்தாள்.

ஹேசல் இந்தக் கூத்துக்கு ஒத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. ஓர்னெல்லாவின் கணவர் ரென்சோவுக்கு ஒரு அண்ணன். மொழிப்பள்ளி நடத்துகிறார்.

“ஜினெவ்ரா தேறிட்டா செப்டம்பர்லேர்ந்து உனக்கு அங்க வேலை” என்றார் ரென்சோ. “தேறலேன்னா...” என்று கையை விரித்தார்.

தேறாவிட்டால் கிரிம்ஸ்பி. அத்தை வேலை பார்க்கும் தொழிற்சாலையில் மீனைப் பெட்டியில் அடுக்கும் வேலை தயாராக இருந்தது. அந்த வாசனைக்குப் பயந்துதான் அவள் இத்தாலிக்கே ஓடிவந்தாள்.

ஆக லண்டன் வாசம் தொடங்கியது. டிவி கூடாது. செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. காப்பி கூடவே கூடாது, வாசனை படிக்கட்டு வரை போகும். ரென்சோ முன்கூட்டியே சாமான் வாங்கி அடுக்கியிருந்தார். மூன்று வேளையும் டப்பா மீன். ஹேசல் முதல் டப்பாவைத் திறந்தபோது அழுதேவிட்டாள்.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது ஓர்னெல்லாதான். வாயை மூடிக்கொண்டு கிடக்காமல், ‘லண்டன் ரொம்ப அழகு’ என்று டீச்சருக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அனுப்பிய பிறகுதான் மூளை வேலை செய்தது.

“ஐயையோ, அவளும் அங்கதானே இருக்கா? பார்க்கலாம்னு கூப்பிட்டா?”

“ஸ்காட்லாந்து போயிட்டோம்னு அனுப்பு” என்றார் ரென்சோ.

அனுப்பினாள். அடுத்த நொடியே பதில் வந்தது: ‘அடடா. நானும் வேல்ஸ் கிளம்பிவிட்டேன்.’

“தப்பிச்சோம்” என்றாள் ஓர்னெல்லா.

மறுநாள் பாடம் நடக்கும்போது மேலே, கூரையில், தொம் தொம் என்று சத்தம் கேட்டது.

நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

“டீச்சர் வீட்டுல யாரும் இல்லையே” என்றாள் ஜினெவ்ரா.

“திருடன்” என்றார் ரென்சோ.

“போலீசைக் கூப்பிடலாமா?” என்றாள் ஹேசல்.

“ஸ்காட்லாந்துல இருந்துக்கிட்டு இங்க போலீசை எப்படிம்மா கூப்பிடறது?” என்றாள் ஓர்னெல்லா. “நாம இருக்கறது அவனுக்குத் தெரியக்கூடாது. நீ இன்னும் மெதுவாச் சொல்லிக்கொடு.”

ஹேசல் குரலை இறக்கினாள். தொம் தொம் பலமானது. இன்னும் இறக்கினாள். மேலே யாரோ குதிக்கிற மாதிரி இருந்தது. பாடத்தை நிறுத்தியதும் அதுவும் நின்றது.

“திருடன் இல்ல, பேய்” என்றாள் ஜினெவ்ரா. அவளுக்கு இதில் மகா சந்தோஷம்.

“பேய்க்கு இங்கிலீஷ் மேல என்ன கோபம்?” என்றாள் ஹேசல்.

“உன் மாணவியாத்தான் இருக்கும்” என்றார் ரென்சோ.

ஹேசலுக்குச் சுருக்கென்றது. அவளே ராத்திரி பகலாகக் கிரிம்ஸ்பியை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தாள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருக்கிறது, இந்தக் குடும்பமோ பெண்ணின் படிப்பைக் காப்பாற்றுவதைவிடப் பொய்யைக் காப்பாற்றுவதில் கண்ணாயிருக்கிறது. இவர்களுடைய வறட்டுக் கௌரவத்துக்கு நான் மீன் அடுக்கப் போக வேண்டுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அடுத்த பாடத்தைப் புரட்டினாள். உள்ளே வைத்துச் சோறு போடுகிறவர்களிடம் ரோஷம் பார்க்க முடியுமா?

பாடத்தைக் குளியலறைக்கு மாற்றினார்கள். ஹேசல் தொட்டிக்குள், ஜினெவ்ரா பீங்கான் இருக்கையில். வாயசைப்பைப் பார்த்தே பாடம் புரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. கொஞ்ச நேரம்தான். சத்தமும் சமையலறையிலிருந்து மெல்ல நடந்து குளியலறைக்கு நேர் மேலே வந்து நின்றது. தொம்.

“அம்மா, பேய் இங்கயும் வந்திடுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை பாடமே வைக்கவில்லை. பாட நேரத்துக்குச் சரியாகத் தொம் தொம் தொடங்கி, கேட்பாரில்லாமல் அரை மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்தது. ஓர்னெல்லா ஜெபமாலையை எடுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் பதினைந்து வந்தது. ஊரே கடற்கரையில் கொண்டாடும் பண்டிகை. ரென்சோவுக்கு அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை.

“ஒரே ஒரு காப்பி. வாசனை வந்தா வரட்டும். படிக்கட்டுல முகர்ந்து பார்க்க எவன் இருக்கான்?” என்று சொல்லிக் காப்பிக் கெண்டியை அடுப்பில் ஏற்றினார்.

அதே நேரம் மேலே இடி போல ஒரு தொம். நால்வரும் குளியலறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரென்சோ தூளைப் போட்டிருந்தார், தண்ணீர் ஊற்ற மறந்திருந்தார். கெண்டியின் ரப்பர் வளையம் உருகி, மூடியிருந்த சன்னல் இடுக்கு வழியாகக் கரும்புகை வெளியே கிளம்பியது.

எதிர்க் கட்டடத்தில் எத்தோரே என்ற கிழவர் பால்கனியில் பனியனோடு உட்கார்ந்திருந்தார். ஆகஸ்டில் ஊரில் இருப்பதை ஒளிக்காத ஒரே மனிதர். அவர் தீயணைப்புப் படைக்குப் போன் செய்தார்.

படைவீரர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்து, குளியலறையிலிருந்து நான்கு பேரை வெளியே எடுத்தார்கள்.

“வீட்டுக்காரங்க லண்டன்ல இருக்காங்கன்னு அந்தப் பெரியவர் சொன்னாரே. நீங்க யாரு?” என்றார் படைத் தலைவர்.

“நாங்கதான் லண்டன்ல இருக்கறவங்க” என்றார் ரென்சோ.

புகை மேல்மாடிக்கு ஏறியிருந்தது. அங்கே ஒரு கதவு திறந்தது. இருமிக்கொண்டே ஒரு பெண் இறங்கி வந்தாள். இரவு உடை, வெறுங்கால், கையில் காலியான ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு காதைச் சுற்றி அதன் விளிம்பு பதிந்த வட்டம். டீச்சர் பிருனெல்லா.

இருவரும் ஒருவரையொருவர் மேலும் கீழும் பார்த்துக்கொண்டார்கள்.

“வேல்ஸ்?” என்றாள் ஓர்னெல்லா.

“ஸ்காட்லாந்து?” என்றாள் டீச்சர்.

“இப்பதான் வந்து இறங்கினோம்.”

“நானும்தான்.”

“அங்க மழை எப்படி?”

“சரியான மழை.”

இருவரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். வியர்வை சொட்டச் சொட்ட, பெட்டியும் இல்லாமல், வெறுங்காலோடு வேல்ஸிலிருந்து வந்தவளை ஸ்காட்லாந்திலிருந்து வந்தவள் நம்பினாள். மானம் பிழைத்தது, கதவுதான் போயிற்று.

ஹேசலுக்கோ கிரிம்ஸ்பி கண்ணில் தெரிந்தது. மாணவியைக் குளியலறையில் வைத்துப் பாடம் நடத்தியவள் என்று பரீட்சை வைக்கிறவளுக்கே தெரிந்துவிட்டது. நல்ல பெயர் வாங்கலாமே என்று, வேல்ஸ் பயணம் சௌகரியமாக இருந்ததா என்று பணிவாக இங்கிலீஷில் விசாரித்தாள்.

டீச்சர் புன்னகைத்து, “யெஸ்” என்றாள்.

ஹேசல் நிறுத்தி நிதானமாக மறுபடி கேட்டாள்.

“யெஸ், யெஸ்” என்ற டீச்சர், அவள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், தம்ளரை இரவு உடையின் ஓரத்தில் துடைத்தபடி இத்தாலிய மொழியில் சீறினாள்: “சத்தமாச் சொல்லுன்னு எத்தனை தடவைம்மா தரையில தட்டறது, நீ பாட்டுக்குக் குரலை இறக்கிட்டே போனா, செப்டம்பர் பரீட்சைக்கு நான் கேள்விய எங்கேர்ந்து எடுக்கறது?”