ஒயினுக்கு ஆகாதுங்க

இடுக்கிப் பக்கம் ஒயின் குடித்து வயிறு கெட்டவர்கள் பலர் உண்டு. ஒரு சொட்டு உள்ளே போகும் முன்பே, பேசியே எங்கள் வயிற்றைக் கலக்கியவர் நாங்கள் ‘ஆகாதுங்க’ என்று பட்டப்பெயர் வைத்த ஒருத்தர்தான்.

தேவிகுளம் அரசு குவார்ட்டர்ஸில் என் பக்கத்து வீட்டுக்காரர். கிழக்குப் பாலக்காட்டில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. கிறிஸ்துமஸ் வருகிறதென்றால் கம்பம்மெட்டு மலைச்சாலை வழியாக வரும் கறுப்புத் திராட்சையை வாங்கி, சர்க்கரையும் பட்டையும் போட்டு ஜாடியில் ஊறவைப்பார். எங்கள் குவார்ட்டர்ஸில் எந்தச் சாமி கும்பிடுகிறவர் வீட்டிலும் அந்த ஜாடி இருக்கும். ஆனால் இவர் ஒயினுக்குத் தனி ருசி. அதை நிம்மதியாகக் குடிக்கத்தான் விடமாட்டார்.

டம்ளரை அவரே கையில் கொடுப்பார். நாம் மிக்சரைத் தொட்டால் தட்டைப் பிடுங்கிவிடுவார்.

“ஏனுங்க, கடலப்பருப்புங்க அது! ஒயினுக்கு ஆகாதுங்க. வவுறு உப்பிக்கும்.”

“சரி, ஆரஞ்சு?”

“புளிப்பு மேல புளிப்புங்க. நெஞ்செரியும்.”

“தயிர் வடை?”

அதற்கு அவர் பார்த்த பார்வையில் எனக்குப் பசி போய்விட்டது.

ஒரு பிரிவு உபசார விருந்தில், மேலதிகாரி வாய்க்குக் கொண்டுபோன மிளகாய் பஜ்ஜியைப் பாதி வழியில் மறித்தார். அதிகாரி மாற்றலாகிப் போகிறவர் என்பதால் இவர் தப்பித்தார்.

இப்பேர்ப்பட்டவர் எதிர் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மேல் ஆசை வைத்தார். டீச்சர் பீர்மேடு எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் வளர்ந்தவர். காரமில்லாததைச் சாப்பாடு என்றே ஒப்புக்கொள்ளமாட்டார். நான்தான் தூது போனேன்.

“நல்ல மனுசருதாண்ணே. ஆனா நான் ஆக்கிப்போடுறதுக்கெல்லாம் நொட்டை சொல்ற ஆளோட ஆயுசுக்கும் குப்பை கொட்ட முடியாது. கிறிஸ்துமஸுக்குச் சாப்பிட வரச் சொல்லுங்க. வாயை மூடிக்கிட்டுச் சாப்பிட்டா பாப்போம்.”

“அவ்வளவுதானுங்களா?” என்று சிரித்தார் ஆகாதுங்க. பாவம், என்ன சமையல் என்று தெரியாது.

கிறிஸ்துமஸ் மத்தியானம் இருவரும் போனோம். மேஜையில் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கு, காந்தாரி மிளகாய்ச் சட்னி, பருப்பு வடை, எலுமிச்சை ஊறுகாய், தயிர்ப் பச்சடி. அவர் ஆகாதென்று சொல்லும் பருப்பு, புளிப்பு, தயிர், மிளகாய் எதையும் டீச்சர் விட்டுவைக்கவில்லை. நடுவில் இவர் கொண்டுபோன ஒயின். பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு உட்காருகிற மாதிரி டீச்சர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

ஆகாதுங்க வடையைக் கடித்தார், ஒயினைக் குடித்தார். கிழங்கைச் சட்னியில் தோய்த்தார், மறுபடி ஒயின். நெற்றி வேர்த்தது, காது சிவந்தது. வயிறு மட்டும் மேடேறும் ஜீப்பைப் போல உறுமியது. டீச்சர் இன்னொரு கரண்டி சட்னி வைத்தபோதும் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிட்டார். எனக்கே பொறுக்கவில்லை, நிறுத்தச் சொல்லலாமென்றால், கல்யாணம் கெட்டுவிடுமே என்று பயம்.

கடைசியில் டீச்சருக்குத்தான் தாங்கவில்லை. தட்டை வெடுக்கென்று இழுத்தார்.

“போதும் நிறுத்துங்க! ஒத்துக்காதுன்னு தெரியுதுல்ல, எதுக்கு இம்புட்டையும் திங்கிறீக?”

ஏப்பத்தை அடக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“நீங்க ஆக்குனதுங்க.”

டீச்சர் சீரகத் தண்ணி எடுக்க அடுக்களைக்குள் போனார். அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

“கல்யாணத்தை எந்த ஊர்ல வைக்கலாம்னு அந்த மனுசங்கிட்டக் கேட்டுச் சொல்லுங்கண்ணே.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காந்தாரி மிளகாய் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.