கொல்லையில் நட்ட சனி

உத்தனப்பள்ளி,
துன்முகி வருஷம் ஆடி மாதம் 23ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி மைத்துனன் கரியப்பனுக்கு உத்தனப்பள்ளி நாராயணப்பன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், உன் அக்காள் பாப்பம்மா, குழந்தை சாந்தம்மா, ஒரு மாட்டைத் தவிர மற்ற மாடு கன்றுகள் யாவரும் சுகம். அந்த ஒரு மாட்டைப் பற்றிக் கீழே வருகிறது. அவ்விடம் உன் சுகத்துக்கும், உனக்குச் சோறு போடும் சர்வே ஆபீசின் சுகத்துக்கும் மாரியம்மன் துணையிருப்பாளாக.

நிற்க. நான் சும்மா கடிதம் எழுதுகிறவன் அல்ல என்பது உனக்குத் தெரியும். போன தடவை எழுதியது மாட்டுக்கொட்டகை விழுந்தபோது. இந்தத் தடவை விழப்போவது ராகி விளைகிற கொல்லையே என்பதால் எழுதுகிறேன். நீ கிருஷ்ணகிரியில் நிலம் அளக்கிற சங்கிலி பிடிக்கிறவன். யார் உத்தரவின் பேரில் எங்கள் ஊரில் கயிறு கட்டி அளந்து முளைக்குச்சி அடிக்கிறார்கள் என்பதை நீதான் விசாரித்துச் சொல்லவேண்டும். ஓசூர் மைசூரோடு போகிறதா, சென்னையோடு இருக்கிறதா என்று பேப்பரில் தினம் ஒன்று போடுகிறான். இந்தச் சமயத்தில் ஒருவன் கயிறும் குச்சியுமாக ரோட்டில் நடந்தால் அதற்கு என்ன அர்த்தம்? பள்ளிக்கூடத்துப் பாடம் என்கிறார்கள். நான் நம்பவில்லை.

அளக்கிறவர் எங்கள் பள்ளிக்கூடத்து சயன்ஸ் வாத்தியார். பெயர் தேவமணி. தங்கவயல் பக்கத்திலிருந்து போன வருஷம் வந்தார். ஆள் நல்லவர் மாதிரிதான் தெரிகிறது, அதுவே எனக்கு முதல் சந்தேகம். வீட்டில் தமிழ் பேசுகிறார், கடையில் தெலுங்கில் விலை கேட்கிறார், மைசூர் லாரிக்காரனிடம் கன்னடத்தில் சிரித்துப் பேசுகிறார். இப்படி மூன்று பாஷை பேசுகிறவர் எந்தப் பக்கத்து ஆள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நாமும் மூன்றும் பேசுகிறோம்தான். ஆனால் நாம் உள்ளூர்.

நடந்ததைக் கேள். ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் பள்ளிக்கூட வாசல் தூணின் மேல் ஒரு பூசணிக்காய் உட்கார்ந்திருந்தது. குறுக்கே சரியாக ஒரு அடி. திருஷ்டிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அதுதான் சூரியனாம். சூரியன் ஒரு அடி இருந்தால் மற்ற கிரகங்கள் எவ்வளவு பெரிசு, எவ்வளவு தூரம் என்று அளந்து காட்டப்போகிறாராம். பூசணிக்காய் யார் கொடுத்தது தெரியுமா? என் பங்காளி, சாந்தம்மாவுக்குச் சித்தப்பா முறை, கங்கப்பன். பள்ளிக்கூடக் கமிட்டியில் மெம்பர் ஆனதிலிருந்து தானமாகக் கொடுக்கிறான். பத்து வருஷமாக எனக்கு ஒரு பூசணிப்பூ கொடுக்காதவன் சர்க்காருக்குச் சூரியனையே கொடுக்கிறான் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

பத்தடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கிழக்கே புறப்பட்டார்கள். நாற்பத்தோராவது அடியில் ஒரு குச்சி, அது புதன், அதன் தலையில் மெழுகில் ஒட்டிய ஒரு ராகி. எழுபத்தேழில் வெள்ளி. நூற்றேழில் பூமி. ஆஞ்சப்பன் சவரக்கடை வாசலில் குச்சி, அதன் மேல் ஒரு பெரிய கடுகு. நீயும் நானும் சென்னையும் மைசூரும் சமுத்திரமும் அந்தக் கடுகுக்குள் இருக்கிறோமாம். கடுகுக்குள் எல்லைத் தகராறு எதற்கு என்று ஆஞ்சப்பன் கேட்டுவிட்டு, பாதிச் சவரத்தில் எழுந்துபோய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாதிச் சவரம் என்னுடையது.

மாரியம்மன் கோயில் மூலையில் செவ்வாய். அதுவரை நானும் வேடிக்கைதான் பார்த்தேன். பிறகு ஐந்நூற்றைம்பத்தேழாவது அடியில், ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தை வைத்து வியாழன் என்று நட்டார்கள். எங்கே? கங்கப்பன் மாட்டுக்கொட்டகைக்குள். அதாவது குரு பகவான் அவன் வீட்டில். அடுத்தது ஆயிரத்து இருபதாவது அடி. என் ராகிக் கொல்லையில், எல்லைக்கல்லுக்குப் பத்தடி இந்தப் பக்கம், ஒரு நெல்லிக்காயைக் குத்தி, அதைச் சுற்றி ஓலையில் ஒரு வளையமும் மாட்டி, கீழே பலகையில் கொட்டை எழுத்தில் ‘சனி’ என்று எழுதி வைத்துவிட்டார்கள். எழுதியது யார்? உன் அக்காள் பெற்ற சாந்தம்மா. எட்டாம் வகுப்பில் அவளுக்குத்தான் கையெழுத்து நன்றாக இருக்கிறதாம்.

நான் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஊரில் இத்தனை கொல்லை இருக்க, பங்காளிக்குக் குரு, எனக்குச் சனி, இது எப்படித் தானாக அமையும் என்று கேட்டேன். வாத்தியார் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. தூரம் அவர் வைத்ததில்லையாம், ஆகாயத்தில் அப்படி இருக்கிறதாம். அப்படியானால் ராகுவும் கேதுவும் எங்கே என்று கேட்டேன். அவை கிரகமே இல்லை, அவற்றுக்குக் குச்சி கிடையாது என்கிறார். சூரியனும் லிஸ்டில் இல்லையாம், அது ஒரு நட்சத்திரமாம். சந்திரனையும் அடித்துவிட்டார். பதிலுக்கு நாம் நிற்கிற பூமியையே சேர்த்து, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ என்று மூன்று புது ஆட்களைக் கொண்டுவந்திருக்கிறார். கணக்கு மட்டும் ஒன்பது சரியாக வருகிறது. போன எலெக்ஷனில் ஓட்டர் லிஸ்டில் செத்துப்போன என் அப்பன் பெயர் இருந்து என் பெயர் இல்லாமல் போனதே, அதே வேலை. தலையை எண்ணினால் சரியாக இருக்கும், ஆள்தான் மாறியிருப்பான்.

புளூட்டோ ஏரிக்கரையில் நிற்கிறது. இன்னொரு நட்சத்திரத்துக்கு ஒரு பூசணிக்காய் வைக்கவேண்டுமானால் ஐயாயிரம் மைல் தாண்டிப் போகவேண்டும், அதாவது சீமைக்கு, என்றும் சொன்னார். சீமைவரை குச்சி நடத் திட்டம் வைத்திருப்பவர் என் புளியமரத்தை விடுவாரா? சனியை ஒரு முப்பதடி தள்ளி வையுங்கள், கல்லுக்கு அந்தப் பக்கம் கங்கப்பன் கொள்ளுக் காடுதான், அவனுக்கு ஏற்கனவே குரு இருக்கிறது, தாங்கிக்கொள்வான் என்று தன்மையாகத்தான் கேட்டேன். “தள்ளி வச்சா தப்பாப் போயிருங்க அய்யா, பிள்ளைங்க அளந்து பாப்பாங்க” என்றார்.

இந்தப் புளியமரம்தான் விஷயமே. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் என் கொல்லையில் நிற்கிறது. கங்கப்பன் நாலு வருஷமாக, மரம் தன் பக்கம் இருந்தது, கல்தான் நடக்கிறது என்று மணியக்காரர் வரைக்கும் போய்ச் சொல்லிவருகிறான். கல் நடந்து நீ பார்த்திருக்கிறாயா, கரியப்பா? என் பாட்டன் காலத்திலிருந்து அங்கேயே நிற்கிற கல். அந்த மரத்தின் புளிதான் வருஷம் முழுக்க நம் வீட்டுக் குழம்பு. மரம் போனால் உன் அக்காள் என்னை வீட்டுக்குள் சேர்க்கமாட்டாள். அதனால்தான் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் யார் கயிற்றோடு வந்தாலும் நானும் போய் நின்றுகொள்கிறேன்.

சனி வந்த மூன்றாம் நாள் செவலை மாடு நொண்டியது. ஐந்தாம் நாள் கவலை இறைக்கிற தோல் சால் கிழிந்து, இறைத்த தண்ணீரெல்லாம் கிணற்றுக்கே போயிற்று. உன் அக்காள் பால் காய்ச்சும்போது சட்டி கவிழ்ந்தது. அங்கே கங்கப்பன் மாடு, குரு இருக்கிற அதே கொட்டகையில், கிடாரிக் கன்று போட்டது. ஊர் சும்மா இருக்குமா? வியாழக்கிழமை வியாழன் குச்சிக்கு யாரோ கொண்டைக்கடலை மாலை போட்டார்கள். சனிக்கிழமை ஒரு கும்பல் எள்ளு விளக்கோடு என் கொல்லைக்கு வந்துவிட்டது. உளிவீரனபள்ளியிலிருந்துகூட ஏழரை நாட்டுச் சனிக்காரர்கள் வந்தார்கள். முளைத்து ஒரு ஜாண் வந்த ராகியை மிதித்துக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றுகிறார்கள். காக்கைக்கு வைத்த சோற்றுக்கு வந்த காக்கைகள் பிறகு போகவே இல்லை, முளைப்பயிரைக் கொத்திக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டன. வாத்தியார் ஓடிவந்து, இது சாமி இல்லை, நெல்லிக்காய் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அவர் கும்பிட்டதைப் பார்த்து இன்னும் நாலு பேர் விழுந்து கும்பிட்டார்கள். இதற்கு நடுவே, ஐந்நூறு கோடி வருஷம் எரியும் என்று பாடம் நடத்தின சூரியன் எட்டு நாளில் அழுகி, பள்ளிக்கூடத்துக் கதவில் வடிந்தது. கங்கப்பன் வேறு சூரியன் கொடுத்தான்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் களை பார்க்கப் போனவன், சனியைப் பிடுங்கி, கல்லைத் தாண்டி, கங்கப்பனின் கொள்ளுக்குள் நட்டுவிட்டு வந்தேன். இதில் தப்பு என்ன இருக்கிறது? பார்க்கிறவனுக்குத் தெரியாது என்று நினைத்தேன். நேற்றுப் பிள்ளைகள் கயிற்றோடு வந்தார்கள். கொல்லைக்குள் நுழைந்ததும் முதலில் கத்தினது என் பெண்தான்: “சார், சனி நகந்துருச்சி சார்.”

வாத்தியார் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அந்த மனுஷன் சந்தோஷப்படுகிறார். அதுதான் கிரகத்துக்கு அடையாளமாம். அந்தக் காலத்தில் ஆகாயத்தைப் பார்த்தவர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்களாம்? நட்சத்திரமெல்லாம் ஒன்றுக்கொன்று அதே தூரத்தில் நிற்குமாம், எது மட்டும் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறுகிறதோ அது கிரகமாம். அதனால் நகராத பொருளாகப் பார்த்து, அதன் தூரத்தை முதலில் அளந்து நோட்டில் எழுதுங்கள், பிறகு அதிலிருந்து சனியை அளக்கலாம் என்று பிள்ளைகளிடம் சொன்னார். பிள்ளைகள் கோயிலை எழுதினார்கள், கிணற்றை எழுதினார்கள், மூன்றாவதாக நம் எல்லைக்கல்லை எழுதினார்கள். எனக்கே மனசு குளிர்ந்துபோயிற்று. ஊரில் யாருக்கும் தெரியாத நியாயம் குழந்தைகளுக்காவது தெரிகிறதே.

ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். பிள்ளைகளின் நோட்டுகளைக் கமிட்டியார் முன்னிலையில் வாங்கிப் பார்ப்பாராம். கமிட்டி என்றால் கங்கப்பன். ஆகவே நீ வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸுக்கே புறப்பட்டு வந்துவிடு. ஆபீஸ் சங்கிலியையும், கிடைத்தால் நம் ஊர் நிலப் படத்தையும் எடுத்து வா. எல்லார் முன்னாலும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை அளந்து, என் கல் எங்கே இருக்கவேண்டுமோ அங்கேதான் இருக்கிறது, இந்தக் குச்சிக்குத்தான் பட்டா நிலத்தில் இடமில்லை என்று சர்க்கார் குரலில் சொல்லிவிடு. பங்காளியின் வாயும் அடையும், வாத்தியாரின் கயிறும் நிற்கும்.

உன் பெண்சாதிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. அவர்கள் வீட்டு உலையில் அரிசியும், உன் சங்கிலிக்குத் துருப்பிடிக்காத வெயிலும் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும் அத்தான்
நாராயணப்பன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சங்கிலி என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படி. சங்கிலியைக் கொண்டு வராதே. படத்தைத் தொடவே தொடாதே. இந்தக் கடிதத்துக்கு மேல்விலாசம் எழுத மை தீர்ந்துபோய், சாந்தம்மாவின் பையில் மைக்கூடு தேடினபோது அவள் நோட்டு கிடைத்தது. போன வருஷம் ஏழாம் வகுப்பில் கயிறு பிடிக்கப் பழகினபோதும் இதே வாத்தியார் ஊரை அளக்க விட்டிருக்கிறார். பள்ளிக்கூட வாசலிலிருந்து கோயில், போன வருஷம் நூற்றறுபது அடி, இந்த வருஷம் நூற்றறுபது அடி. கிணறு, எண்ணூற்று நாற்பது, எண்ணூற்று நாற்பது. எல்லைக்கல், போன வருஷம் ஆயிரத்து இருபத்தாறு, இந்த வருஷம் ஆயிரத்து முப்பது. அதன் கீழே சிவப்பு மையில் இப்படி எழுதியிருக்கிறாள்: ‘பத்தாவது கிரகம்: எங்கள் எல்லைக்கல். வருஷத்துக்கு நான்கு அடி நகர்கிறது. திசை, சித்தப்பா பக்கம்.’ அதற்கு வாத்தியார் ‘நன்று, நீயே கண்டுபிடித்தது’ என்று கையெழுத்துப் போட்டு வகுப்பில் படித்தும் காட்டியிருக்கிறார்.

கயிறு நனைந்து இழுத்திருக்கும் என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். இழுத்திருந்தால் கிணறும் கோயிலும் சேர்ந்துதானே மாறியிருக்கும் என்கிறாள். எனக்கு எதிராகத்தான் சொல்கிறாள், ஆனாலும் நம் வம்சத்தில் இவ்வளவு மூளை யாருக்கும் இருந்ததில்லை, கரியப்பா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்ஸ்பெக்டரிடம் இதைத்தான் முதலில் படிக்கப்போகிறாளாம். அந்த ஒரு வரியை அழித்துவிடு தாயீ என்றேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதவேண்டும், அழிக்கக்கூடாது என்பது பாடமாம். பிறகு அவளே நோட்டை மூடிக்கொண்டு கேட்டாள்: “கிரகம் எல்லாம் சுத்திச் சுத்திப் பொறப்பட்ட எடத்துக்கே வந்துரும்னு சார் சொன்னாருப்பா. இது எப்ப வரும்?”

வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறேன். இதைத் தபாலில் போடாமல் பஸ் கண்டக்டர் மாரிசாமி கையில் கொடுத்தனுப்புகிறேன். கண்டதும் புறப்படு. இங்கே இரவல் கேட்டால் எதற்கென்று கேட்பார்கள், வரும்போது ஒரு கடப்பாரை கொண்டு வா.