காலி சீட்டு அண்ணனும் ஒரு தேக்கு மேசையும்

பகல் பதினொன்று இருபதுக்கு என் மகளின் சான்றிதழ்கள் விற்றுப்போயின. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, மாற்றுச் சான்றிதழ், எல்லாம் அசல். விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இன்றும் யாராவது மேசை இழுப்பறையைத் திறந்தால் நான் எட்டிப் பார்த்துவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் காலி சீட்டு அண்ணன். உலகத்தில் ஓடும் வண்டிகளில் பாதி காலியாக ஓடுகிறதே என்ற ஒரே கவலையில் தலை நரைத்த மனிதர் அவர் ஒருவர்தான். கோட்டையூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பார்சல் அலுவலகத்தில் வேலை. நிஜப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். கஞ்சன் என்று சொல்ல முடியாது. டவுன் பஸ்ஸில் ஒரு இருக்கை வெறுமையாகப் போனால், பசித்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பார். "பாருங்க தங்கச்சி, அம்புட்டு எடமும் சும்மா போகுது!" என்பார். தன் கல்யாணத்துக்கே பால் வண்டியில் போய் இறங்கினவர் என்று தெருவில் பேச்சு.

என் மகள் யாழினிக்கு வடிவமைப்புப் படிப்பில் ஆசை. மூன்று ஊர்க் கல்லூரிகள் நேர்காணலுக்குக் கூப்பிட்டன. என் கணவர் வீட்டு முன்புறக் கடையில் உட்கார்ந்தபடியே பெருமூச்சு விட்டார். "அம்மாவும் மகளும் ஊர் ஊராப் போயி, ரூம் போட்டு, ஆட்டோ புடிச்சு... பீஸுக்கு வச்சிருக்கிறதெல்லாம் ரோட்டுலயே போயிரும் போலயே." எதிர்ப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் சாலையைக் கடந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

மதுரைக்கு எங்களை ஏற்றிவிட்டது, நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பிய ஆம்புலன்ஸில். எனக்குத் தலைசுற்றல், படுத்துவிட்டேன். மேலூரில் வண்டி டீக்கு நின்றது. ஒரு பெரியவர் உள்ளே எட்டிப் பார்த்து ஓட்டுநரிடம் மெதுவாகக் கேட்டார்: "ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளைதான். சர்க்கரை கம்மியா ஒரு டீ சொல்லுங்க" என்றேன் படுத்தபடியே. அவர் போன திசையில் செருப்பு மட்டும் கிடந்தது.

திருச்சிக்குப் பாட்டுக் கச்சேரிக் குழுவின் வேன். யாழினி மடியில் ஒரு தபலா, என் மடியில் அதன் ஜோடி. மதுரையில் இடமில்லை என்றார்கள். திருச்சியில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் சொல்லி அனுப்பவில்லை. மிச்சம் கோயம்புத்தூர் ஒன்றுதான்.

அதற்கு அண்ணன் பிடித்தது காரைக்குடிப் பழைய சாமான் கடையின் மினி லாரி. கடைக்காரர் மகன் செந்தில், கோவையில் ஒரு விற்பனைக் கண்காட்சிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போனார். "நானும் வாரேன் தங்கச்சி. எடம் கெடக்கே" என்று அண்ணனும் ஏறிக்கொண்டார். யாழினியின் சான்றிதழ்க் கோப்பை லாரியிலிருந்த தேக்கு மேசையின் இழுப்பறைக்குள் வைத்தவர் அவர்தான். "காத்துல பறந்துறக் கூடாது பாருங்க. இது பர்மா தேக்கு. இடி விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது."

அந்தப் பயணம் இப்போதும் கனவில் வருகிறது. நான் லாரியின் பின்பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டின் சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கிறேன். எதிரே கயிற்றில் கட்டிய ஆளுயரக் கண்ணாடி. அதற்குள் நாங்கள் விட்டுவந்த சாலை, விடிந்துகொண்டே, விலகிக்கொண்டே போகிறது. நின்றுபோன சுவர்க் கடிகாரம் ஒன்று, வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் மணி அடிக்கிறது. தாராபுரம் தாண்டியதும் கண்ணாடிக்குள் காற்றாலைகள் முளைத்துச் சுற்றின. சுற்றச் சுற்ற என் கவலையெல்லாம் யாருடையதோ போலாகிவிட்டது.

டீக்கடையில் நிறுத்தினோம். யாழினியும் அண்ணனும் இறங்கினார்கள். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. ஒரு வேன்காரர் வந்து, "ஏனுங்க, அந்த மேசை என்ன வெலைங்க?" என்றார். செந்தில் சொன்னார், அவர் குறைத்தார், செந்தில் நெஞ்சில் கைவைத்தார். பிறகு நான்கு பேர் மேசையைத் தூக்கிப்போனது கண்ணாடிக்குள் தெரிந்தது. காற்றாலைகளுக்கு நடுவே மேசை மிதந்து போனது. அழகாக இருந்தது. "மூலை இடிக்குது, பாத்து" என்று நானே சொன்னேன்.

லாரி கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் யாழினி கேட்டாள். "அம்மா, மேசை எங்கம்மா?"

நான் போட்ட சத்தத்தில் கடிகாரம் பள்ளமில்லாமலே அடித்தது. செந்திலிடம் இருந்த வேன்காரரின் எண்ணுக்கு அடித்தால் மணி போகிறது, எடுப்பாரில்லை. உடுமலைப் பக்கம் ஹோட்டல் வைத்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். இரண்டரை மணிக்கு நேர்காணல்.

நிறுத்திய லாரியிலிருந்து அண்ணன் சாலையில் குதித்தார். "நீங்க போங்க தங்கச்சி. பாப்பா போயி உக்காந்திருக்கட்டும். நான் எடுத்துட்டு வாரேன்."

"எப்படிண்ணே?"

"அங்குட்டுப் போற வண்டியில ஒண்ணாச்சும் காலியா இருக்காதா?"

கண்ணாடிக்குள் அவர் சின்னதாகிக்கொண்டே போனார். கையை நீட்டியபடி நின்றார். வண்டிகள் அவரைக் கடந்துகொண்டே இருந்தன.

கல்லூரியில் மேசைக்குப் பின்னாலிருந்த பெண் இரக்கத்தோடுதான் சொன்னார். "ஒரிஜினல் இல்லாம உள்ள விட முடியாதுங்கம்மா. கடைசி ஆள் முடிக்கிற வரைக்கும் பாருங்க." அண்ணனின் போனில் வழக்கம்போல் சார்ஜ் இல்லை. ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. யாழினி நகத்தைக் கடிக்கவில்லை, அழவில்லை, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏதாவது தண்ணீர் லாரியில், கோழி வண்டியில் அவர் தொங்கிக்கொண்டு வருவார் என்று நானும் வாசலையே பார்த்தேன். கடைசிப் பையன் உள்ளே போனான்.

ஒரு வாடகைக் கார் வந்து நின்றது.

முன்சீட்டிலிருந்து அண்ணன் இறங்கினார். உடுமலையில் ஹோட்டல் ஹோட்டலாக ஏறித் தேடி எடுத்த கோப்பைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். யாழினி அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்று ஓடியவள் இன்று அங்கேதான் படிக்கிறாள். அவரோ சட்டைப் பையைத் துழாவி, ஓட்டுநருக்குத் தன் பணத்தை எண்ணிக்கொடுத்தார்.

"வந்துட்டீகளா அண்ணே! கார் புடிச்சா வந்தீக?"

அவர், திரும்பிப் போகும் காரின் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழியில ஒரு புள்ள கைக்கொழந்தையோட நின்னு கை காட்டுச்சு தங்கச்சி. நிறுத்துனா பாப்பாவுக்கு நேரமாயிரும்னு வந்துட்டேன். பின்னாடி பூராம் காலியாவே வந்துச்சு."