நாற்பத்துநாலாம் எண் கட்டடம்

முதலில் ஒரு விடுகதை. கிழித்துக் குப்பையில் போட்டேன். ஆனாலும் முழுசாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அது என்ன?

யோசித்துக்கொண்டே வாருங்கள். எனக்கு விடை தெரிய ஒன்பது நாள் ஆனது.

நான் லிஃப்ட் மெக்கானிக். பதினோரு கட்டடங்கள் என் பொறுப்பு. எங்கே எது நின்றாலும் ஓட வைத்துவிடுவேன். மூன்று மாதமாக ஒன்றே ஒன்றைத்தான் ஓட வைக்க முடியவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு விறைப்பு வருவதில்லை. வந்தாலும் பாதியில் போய்விடுகிறது.

மனைவியிடம் எப்படிச் சொல்வது? முதல் மாதம் முதுகுவலி என்றேன். இரண்டாம் மாதம் தோள்வலி. மூன்றாம் மாதம் வலி வைக்க உடம்பில் இடம் மிஞ்சவில்லை. "கண் எரியுது" என்றேன்.

"கண்ணை மூடிக்குங்களேன்" என்றாள்.

மூடினேன். அப்படியே குறட்டையும் விட்டேன்.

அப்போதுதான் அந்த மாபெரும் தீர்மானத்தை எடுத்தேன். இவளுக்குத் தெரியாமல் நானே இதைப் பழுது பார்ப்பேன்!

எங்கள் தொழிலில் குறையை எழுதினால்தான் வேலை தொடங்கும். அதற்கென்று ஒரு நோட்டு உண்டு. அடியில் கார்பன் வைத்து எழுதுவோம். மேல்தாள் கட்டடத்துக்காரருக்கு. கீழ்த்தாள் நோட்டிலேயே இருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம், மோட்டார் அறையில் தனியாக உட்கார்ந்து, கை பழக்கத்தில் எழுதினேன்:

கட்டடம்: எண் 44. (அது என் வயது.)
குறை: அழைத்தால் விளக்கு எரிகிறது, மேலே எழும்பவில்லை. எழும்பினாலும் பாதியில் இறங்கிவிடுகிறது.
காரணம்: தெரியவில்லை.
செய்த வேலை: முதுகுவலி என்று சொன்னேன்.

எழுதியதும் மனசு லேசானது. தாளைக் கிழித்துச் சுக்குநூறாக்கிக் குப்பையில் போட்டேன். சாட்சி ஒழிந்தது.

மறுநாள், கூட வேலை பார்க்கும் ஸ்பானரிடம் போனேன். ஆள் ஒல்லி, தலை பெரிது. அதனால் அந்தப் பெயர்.

"ஒரு நண்பருக்கு ஒரு பிரச்சினைப்பா..."

"நண்பருக்கு என்ன வயசு?"

"என் வயசுதான்."

"மீசை இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"என்னைப் பார்த்துப் பேசும்போது நண்பருக்கு மீசை துடிக்குது, அதான் கேட்டேன்."

ஒரு டப்பாவைக் கையில் திணித்தான். மூடியில் ஒரு குதிரை நாலு கால் பாய்ச்சலில் போனது. காலையில் ஒரு கரண்டி பொடி, வெந்நீரில். டப்பாவைக் கருவிப்பையில் கிரீஸ் டின்னுக்கு அடியில் ஒளித்தேன்.

ஒரே வாரம்! நடையில் ஒரு மிடுக்கு வந்தது. ஒரு நாள் காலையில் உண்மையாகவே கொஞ்சம் பலன் தெரிந்தது. குதிரைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

சனிக்கிழமை வந்தது. என் மனைவி இரண்டாம் வகுப்பு ஆசிரியை. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்பதால், வாராவாரம் சனிக்கிழமை நோட்டைப் பார்த்து என் ஆபீசுக்குப் பட்டியல் எழுதித் தருவது அவள்தான். பக்கத்தில் சிவப்புப் பேனா.

"என்னங்க, நாற்பத்துநாலாம் எண் கட்டடம் எங்க இருக்கு?"

வாயில் இருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டது. கிழித்தது மேல்தாள். கீழ்த்தாள் நோட்டிலேயே இருந்தது!

"அது... புதுசா வந்த கட்டடம்மா."

"புதுசா? நல்லா பழைய கட்டடம் மாதிரி தெரியுதே."

"வெளியில பார்த்தா உறுதியாத்தான் இருக்கும்."

"தொந்தி விழுந்திருக்கோ?"

"முன்பக்கம் லேசா."

"எத்தனை நாளா எழும்பல?"

"மூணு மாசம்."

"அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரங்க யாரும் உண்டா?"

"உண்டு."

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அவங்களுக்கு எதுக்கு வீண் கவலைன்னு..."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சொல்லாம விட்டா கவலை வராதா? என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நினைச்சேங்க. வேற யாரோன்னு கூட நினைச்சேன். கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பார்த்தேன். போன சனிக்கிழமை இதைப் படிச்சப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்தது. நீங்களா சொல்வீங்கன்னு ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன்."

மூன்று மாதமாக என் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளை அழவைத்திருக்கிறேன்.

"புதன்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு. நானும் வர்றேன்" என்றாள்.

டாக்டர் நரைத்த தலை, அவசரமில்லாத பேச்சு. விசாரணை தொடங்கியது.

"சிகரெட்?"

"ரெண்டு."

"பெட்டி" என்றாள் மனைவி.

"நடைப்பயிற்சி?"

"நிறைய கட்டடம் ஏறி இறங்குறேன்."

"லிஃப்ட்ல" என்றாள் மனைவி.

ரத்த அழுத்தம் எகிறியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் ஒரு காலை எடுத்து வைத்திருந்தது.

"இது ரத்த ஓட்டத்துல நடக்குற வேலை" என்றார் டாக்டர். "புகை, அழுத்தம், சர்க்கரை மூணும் ரத்தக் குழாயைக் கெடுக்கும். அங்க இருக்கிற குழாய் மெல்லிசு, அதனால முதல்ல அங்க தெரியும். இதயத்துக்குப் போற குழாய் பெரிசு, அங்க பின்னாடி தெரியும். அதாவது, இது முன்கூட்டியே அடிக்கிற எச்சரிக்கை மணி. சிலருக்கு நரம்பு, ஹார்மோன், சாப்பிடுற மாத்திரைன்னு வேற காரணமும் இருக்கும். அதையும் பரிசோதிச்சுடலாம். காலையில எழுந்திருக்கும்போது எப்படி?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இப்ப பரவாயில்லை டாக்டர். ஒரு பொடி சாப்பிடுறேன். நல்ல பலன்."

"அது கோதுமை மாவு டாக்டர்" என்றாள் மனைவி.

"என்னது?"

"முதல்ல நோட்டைப் படிச்ச அன்னிக்கே, அதை எடுக்கப் பையில கையை விட்டேன், குதிரை தட்டுப்பட்டுச்சு. என்ன கண்றாவியோன்னு கொட்டிட்டு மாவை நிரப்பி வச்சேன். ஒரு கரண்டிதான் குதிரை உள்ள போயிருக்கு. மிச்சமெல்லாம் வறுத்த மாவு."

டாக்டர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "நல்லதாப் போச்சு. இந்த மாதிரிப் பொடியில சொல்லாம மாத்திரையைக் கலக்குறவங்க இருக்காங்க. நெஞ்சுவலிக்கு நாக்கடியில மாத்திரை வைக்கிற ஆளு அதைச் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து. அப்புறம், கோதுமை மாவுக்கே பலன் தெரியுதுன்னா, பாதி பயம்தான். ஒரு தடவை தவறினா, அடுத்த தடவையும் தவறுமோங்கிற பயமே தவற வைக்கும். வீட்டுல சொல்லிட்டீங்கல்ல? அதுலயே பாதி குறையும்."

"நான் சொல்லலை டாக்டர். கார்பன் சொல்லிச்சு."

பரிசோதனை முடிவு வந்ததும் தேவையென்றால் மாத்திரை எழுதித் தருகிறேன், அதுவரை வேறு எதையும் வாயில் போடாதீர்கள் என்றார். புகைக்கு அன்றே முழுக்கு. தினமும் அரைமணி நேரம் நடை. வீட்டில் படியேறவும் சொன்னார். நாங்கள் இருப்பது நாலாவது மாடி.

வெளியே வந்ததும் மனைவி என் நோட்டை எடுத்து, 'செய்த வேலை' என்ற இடத்தில் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினாள்: 'சொந்தக்காரரிடம் சொல்லப்பட்டது.' கையெழுத்தும் போட்டாள். போகிற வழியெல்லாம் என் கையை விடவில்லை.

மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். கீழ்த்தளத்தில் லிஃப்ட் திறந்து நின்றது. நேற்றுதான் எண்ணெய் விட்டிருந்தேன். எனக்கு ஒரு யோசனை உதித்தது.

"பாப்பாவால நாலு மாடி ஏற முடியாது. பெரியவங்க யாராவது துணைக்கு லிஃப்ட்ல போகணும். பாவம், நானே போறேன்."

"அவளையே கேட்டுடலாம்" என்றாள் மனைவி. "அவ யாரைக் கூப்பிடுறாளோ அவங்க லிஃப்ட். மத்தவங்க படி."

எனக்கு வெற்றி நிச்சயம். லிஃப்ட் பொத்தானை அழுத்தச் சொல்லித் தந்ததே நான்தான். முட்டி போட்டு உட்கார்ந்து, குரலில் தேனைக் குழைத்துக் கேட்டேன்.

"பாப்பா, உனக்கு யாரு துணைக்கு வரணும்? அப்பாவா, அம்மாவா?"

மகள் அம்மா என்றாள்.